பிரசவ வலியை வரவழைக்க நான் வீணாக்கிய இருபது நாட்கள்

தேதி நெருங்க நெருங்க வீட்டுக்கு வரும் போன்கள் எல்லாம் ஒரே கேள்வியில்தான் தொடங்கின. "என்ன கண்ணு, இன்னும் வலி வரலையா?" எனக்குத் தலைப்பிரசவம். அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருந்ததால் வளைகாப்பு முடிந்தும் தாய்வீடு போகவில்லை. வீட்டுக்காரருக்கு ஓசூரில் ஷிஃப்ட் வேலை. ஈரோட்டில் வாடகை வீடு, மே மாதக் கத்திரி வெயில், பேச்சுத்துணைக்குப் பக்கத்து வீட்டு அக்கா மட்டும். அந்த இருபது நாளில் வலியை வரவழைக்கிறேன் என்று நான் செய்ததற்கெல்லாம் ஆன செலவு 12,650 ரூபாய். அதைவிடப் பெரிய நஷ்டம், பிரசவத்துக்கென்று அவர் சேர்த்து வைத்திருந்த ஒன்பது நாள் லீவில் ஆறு நாள் வீண் அலைச்சலிலேயே தீர்ந்துபோனது. குழந்தை பிறந்தபோது மூன்றே நாள்தான் கூட இருக்க முடிந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் தொண்டை அடைக்கிறது. எது பலிக்கும், எது பலிக்காது, எது ஆபத்து என்பதையெல்லாம் பிறகுதான் டாக்டரிடம் கேட்டும் தேடிப் படித்தும் தெரிந்துகொண்டேன். முப்பத்தேழு வாரம் தாண்டி, இதே கேள்வியைக் கேட்டுக் கேட்டு நொந்துபோயிருக்கும் யாருக்காவது உதவும் என்றுதான் விவரமாக எழுதுகிறேன்.

என் விஷயத்தில் எல்லாத் தப்பும் தேதியில்தான் தொடங்கியது. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள் எண்ணி, மே 6 என்று முதல் தடவையே அட்டையில் எழுதிவிட்டார்கள். அந்தக் கணக்கு 28 நாளுக்கு ஒருமுறை விலக்கு ஆகிறவர்களுக்குச் சரி. எனக்கு 37 நாளுக்கு ஒருமுறை. கருமுட்டை வெளிவருவதே ஒன்பது நாள் தள்ளித்தான் என்றால் குழந்தையின் வயதும் ஒன்பது நாள் குறைவுதானே? பன்னிரண்டாவது வாரத்தில் எடுத்த ஸ்கேனில், உச்சந்தலையிலிருந்து பிட்டம் வரை குழந்தையின் நீளத்தை அளந்து மே 15 என்று தெளிவாகப் போட்டிருந்தது. ஃபைலுக்குள் இருந்த அந்தத் தாளை நானும் பார்க்கவில்லை, வீட்டில் யாரும் பார்க்கவில்லை. மே 9ஆம் தேதி எல்லோரும் "நாள் தாண்டிடுச்சு" என்று பதறியபோது எனக்கு உண்மையில் 39 வாரம் ஒரு நாள்தான்.

அதனால் இதைப் படித்ததும் ஃபைலைத் திறந்து, 11 முதல் 13 வாரத்துக்குள் எடுத்த முதல் ஸ்கேன் அறிக்கையைத் தேடி எடுங்கள். மாதவிலக்குக் கணக்குக்கும் அதற்கும் ஏழு நாளுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஸ்கேன் தேதியைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். டாக்டரிடம் காட்டி, "இதில் எதை என் தேதியாக வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டு அட்டையின் முதல் பக்கத்தில் எழுதி வாங்குங்கள். எட்டாம் மாதமும் ஒன்பதாம் மாதமும் எடுக்கும் ஸ்கேனில் வேறு ஒரு தேதி வரும். அது குழந்தையின் பருமனை வைத்துப் போடுவது, மூன்று வாரம் வரைகூட முன்பின் போகலாம், அதை நம்பித் தேதியை மாற்றக் கூடாது. இன்னொன்று, 39 வாரம் முழுதாக முடிந்தால்தான் முழு வளர்ச்சி என்ற கணக்கு. 37, 38 வாரங்களில் குழந்தையின் நுரையீரலும் மூளையும் இன்னும் பக்குவமாகிக்கொண்டுதான் இருக்கும். மருத்துவக் காரணம் இல்லாமல் அந்த வாரங்களில் வலியைக் கிளப்ப வீட்டிலும் சரி, ஆஸ்பத்திரியிலும் சரி, எதுவும் செய்யக் கூடாது. குறித்த தேதியன்றே பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு நான்கைந்துதான். தலைப்பிரசவத்தில் ஒரு வாரம் தள்ளிப்போவது மிகச் சாதாரணம்.

அடுத்து, கர்ப்பப்பை வாய். இது புரிந்தால் மற்ற எல்லாமே புரிந்துவிடும். கர்ப்பப்பை சுருங்குவதால் மட்டும் பிரசவம் ஆகிவிடாது. பத்து மாதம் இறுக்கி மூடியிருந்த வாய், தன் நாரிழைகள் தளர்ந்து, நீர் கோத்து, மெலிந்து, மிருதுவாக வேண்டும். இது பல நாட்கள், சிலருக்குப் பல வாரங்கள் மெதுவாக நடக்கும் வேலை. டாக்டர்கள் உள் பரிசோதனையில் ஐந்து விஷயம் பார்க்கிறார்கள்: வாய் எத்தனை சென்டிமீட்டர் திறந்திருக்கிறது, எவ்வளவு மெலிந்திருக்கிறது, தொட்டால் கெட்டியா மிருதுவா, பின்பக்கம் பார்த்திருக்கிறதா முன்பக்கம் வந்துவிட்டதா, குழந்தையின் தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது. மூக்கு நுனி மாதிரி இருந்தால் கெட்டி, உதடு மாதிரி இருந்தால் மிருது. 1964இல் எட்வர்ட் பிஷப் என்ற அமெரிக்க மகப்பேறு மருத்துவர் வகுத்ததால் இதற்குப் பிஷப் ஸ்கோர் என்று பெயர். மொத்தம் 13. ஆறு வரை என்றால் வாய் இன்னும் பக்குவமாகவில்லை. எட்டைத் தாண்டினால் தானாகவே வலி வரும் நிலைக்கு அருகில் இருக்கிறது. மே 9ஆம் தேதி எனக்கு மூன்று. அந்த ஒரு எண் முன்பே தெரிந்திருந்தால் அன்றைக்குச் சாயங்காலம் நான் செய்ததைச் செய்திருக்கவே மாட்டேன். "இன்னும் வாய் திறக்கலைம்மா" என்று மட்டும் சொன்னால் விடாதீர்கள். ஸ்கோர் எத்தனை, தலை எங்கே நிற்கிறது என்று கேளுங்கள்.

வாய் பக்குவமாகாத நிலையில் கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் எதைச் செய்தாலும் வலி மட்டும்தான் மிஞ்சும். பூட்டைத் திறக்காமல் கதவைத் தள்ளுவதுபோல. நான் செய்த முதல் வேலை நடை. "நல்லா நட, குனிஞ்சு நிமிர்ந்து வீட்டைத் துடை, தலை இறங்கிடும்" என்று எல்லோரும் சொன்னார்கள். காலையும் மாலையுமாகப் பத்தாயிரம் காலடி நடந்தேன். கத்திரி வெயிலில், தண்ணீர்கூடச் சரியாகக் குடிக்காமல். மூன்றாவது நாள், மே 3, இரவு பதினோரு மணிக்கு வயிறு இறுக ஆரம்பித்தது. ஒரு மணிக்கு ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அவரும் இரவோடு இரவாகப் பஸ் ஏறினார். அங்கே போய் இரண்டு சொம்பு தண்ணீர் குடித்து இடதுபக்கமாகப் படுத்ததும் வலி நின்றுவிட்டது. ஆட்டோ 500, எமர்ஜென்சி கட்டணம் 800, குழந்தையின் இதயத்துடிப்பைப் பதிவு செய்யும் என்எஸ்டிக்கு 600. வெயிலில் உடம்பில் நீர் வற்றினால் கர்ப்பப்பை இப்படித்தான் முரண்டு பிடிக்கும் என்று நர்ஸ் சொன்னார்.

நடப்பது நல்லதுதான். ஒரு நாளைக்கு அரை மணி நேரம், வெயில் தாழ்ந்த பிறகு, பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில் போதும். களைத்துப்போகும் அளவுக்கு நடந்தால் நிஜ வலி வரும் நாளில் தெம்பு இருக்காது. தலைப்பிரசவத்தில் வலி தொடங்கி முடிவதற்கு முழுதாக ஒரு நாள் ஆகலாம். அந்த ஒரு நாளுக்கான தூக்கத்தையும் சாப்பாட்டையும் உடம்பில் சேர்த்து வைக்க வேண்டிய நேரம் இது. பட்டாம்பூச்சி ஆசனம், சம்மணமிட்டு உட்காருவது, பிடித்துக்கொண்டு அரைக் குந்து, இவையெல்லாம் வலியைத் தொடங்கி வைக்காது. இடுப்பு, தொடைத் தசைகளைப் பழக்கும், பிரசவத்தின்போது கை கொடுக்கும். உட்காரும் பெரிய பந்து வாங்குவதென்றால் ஐந்தடி மூன்று அங்குலத்துக்குக் கீழ் உள்ளவர்களுக்கு 55 சென்டிமீட்டர், அதற்கு மேல் 65. உட்கார்ந்தால் இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயரத்தில் இருக்க வேண்டும். வெறும் தரையில் பந்து வழுக்கும், கீழே பாயோ யோகா விரிப்போ போட்டு, சுவரோரம் வைத்து உட்காருங்கள். நிஜ வலி தொடங்கிய பிறகு படுக்கையிலேயே கிடக்காமல் நிற்பது, நடப்பது, பந்தில் உட்காருவது, வாய் முழுதாகத் திறக்கும்வரையான முதல் கட்டத்தை ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைக்கிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துக் கண்டிருக்கிறார்கள். நடைக்கு அசல் மதிப்பு அப்போதுதான்.

சூட்டு வலியையும் பிரசவ வலியையும் பிரித்தறிய நம் வீடுகளில் ஒரு பழைய வழி உண்டு. ஒரு தேக்கரண்டி சீரகத்தை இரண்டு டம்ளர் தண்ணீரில் கொதிக்கவைத்து ஒரு டம்ளராக வற்றியதும் குடிப்பது. சூட்டு வலியென்றால் நின்றுவிடும், பிரசவ வலியென்றால் கூடும் என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது, ஆனால் வேலை செய்வது பெரும்பாலும் தண்ணீரும் ஓய்வும்தான் என்று நினைக்கிறேன். சீரகத் தண்ணீர் குடித்து, சிறுநீர் கழித்து, ஒரு மணி நேரம் இடதுபக்கமாகப் படுத்துப் பாருங்கள். நிற்கிற வலி, முன்வயிற்றில் மட்டும் இறுகும் வலி, எட்டு நிமிடம், இருபது நிமிடம், ஐந்து நிமிடம் என்று தாறுமாறாக வரும் வலி என்றால் பொய் வலி. முதுகில் தொடங்கி முன்னால் சுற்றி வந்து, இடைவெளி குறைந்துகொண்டே, ஒவ்வொன்றும் முந்தையதைவிட நீண்டு, பேச்சை நிறுத்த வைத்தால் நிஜம். இடைவெளியை ஒரு வலி தொடங்கும் நேரத்திலிருந்து அடுத்த வலி தொடங்கும் நேரம் வரை எண்ண வேண்டும். நான் முடிந்த நேரத்திலிருந்து எண்ணிக் குழம்பினேன். ஐந்து நிமிடத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், இப்படி ஒரு மணி நேரம் தொடர்ந்தால் கிளம்பலாம் என்பது தலைப்பிரசவத்துக்கான பொதுக்கணக்கு. ஆஸ்பத்திரி தூரமாக இருந்தாலோ, இரண்டாவது பிரசவமானாலோ அதற்கு முன்பே கிளம்ப வேண்டும்.

சாப்பாட்டு வகையில் கொஞ்சமாவது ஆதாரம் உள்ளது பேரீச்சம்பழத்துக்குத்தான். 2011இல் வெளியான ஜோர்தான் நாட்டு ஆய்வு ஒன்றில், தேதிக்கு முந்தைய நான்கு வாரம் தினமும் ஆறு பழம் சாப்பிட்ட 69 பெண்களையும் சாப்பிடாத 45 பெண்களையும் ஒப்பிட்டார்கள். சாப்பிட்டவர்களில் 96 சதவீதம் பேருக்கும், சாப்பிடாதவர்களில் 79 சதவீதம் பேருக்கும் வலி தானாக வந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது சாப்பிட்டவர்களுக்கு வாய் சராசரியாக மூன்றரை சென்டிமீட்டர், மற்றவர்களுக்கு இரண்டு. நல்ல செய்திதான். ஆனால் யார் சாப்பிட வேண்டும் என்பதைக் குலுக்கல் முறையில் பிரிக்காத சிறிய ஆய்வு, அதற்குமேல் அதில் ஏற்றிச் சொல்லக் கூடாது. 36ஆவது வாரத்திலிருந்து சிறுகச் சிறுகச் சாப்பிட வேண்டியது. நான் செய்ததுபோல் 39ஆவது வாரத்தில் ஒரே நாளில் பதினைந்து பழம் தின்றால் வயிறு உப்பும், அவ்வளவுதான். சிறிய ரகப் பழத்திலேயே ஆறு பழத்தில் ஐந்தாறு தேக்கரண்டி சர்க்கரைக்கு ஈடான இனிப்பு இருக்கிறது. கர்ப்பகாலச் சர்க்கரை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

அன்னாசி தின்றால் நெஞ்செரிச்சல்தான் வரும். அதிலுள்ள நொதி இரைப்பையிலேயே பெரும்பாலும் சிதைந்துவிடும், கர்ப்பப்பை வாய் வரை போய்ச் சேர்வதற்கு ஆதாரம் இல்லை. எள்ளுருண்டை, மிளகு ரசம், குங்குமப்பூப் பால் எல்லாம் பிடித்தால் சாப்பிடலாம், வலிக்காக அல்ல. நாட்டு மருந்துக் கடையில் "வலிக் கஷாயப் பொடி" என்று பேர் ஒட்டாத பொட்டலம் கொடுத்தார்கள். அதில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று கொடுத்தவருக்கே தெரியவில்லை. அப்படிப்பட்டதை வாயில் வைக்காதீர்கள். பழம், பொடி, எண்ணெய் என்று இந்த வகையில் மட்டும் எனக்கு 1,450 ரூபாய்.

விளக்கெண்ணெய்க்கு வருகிறேன். மே 9 சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா, "எங்க காலத்துல எல்லாருக்கும் இதைத்தான் குடுத்தாங்க, விடியறதுக்குள்ள வலி வந்துரும்" என்று ஒரு டம்ளர் சூடான பாலில் நான்கு கரண்டி ஊற்றிக் கொடுத்தார். அன்பில்தான் கொடுத்தார், அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. இரண்டு மணி நேரத்தில் வயிற்றைப் புரட்டியது. காலை நான்கு மணிக்குள் பதினோரு தடவை பேதி, மூன்று தடவை வாந்தி. நடுவில் இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வயிறு கல்லாக இறுகியது. வீட்டில் தனியாக, சுவரைப் பிடித்துக்கொண்டு, குழந்தை அசைகிறதா இல்லையா என்றுகூடப் பிரித்தறிய முடியாமல் நின்றேன். வாழ்க்கையில் அப்படிப் பயந்ததில்லை. 108க்குப் போன் செய்தேன். ஆஸ்பத்திரியில் என் நாடித்துடிப்பும் எகிறியிருந்தது, குழந்தையின் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 170. வழக்கமாக 110 முதல் 160க்குள் இருக்க வேண்டும். தாய்க்கு நீர் வற்றினால் குழந்தையின் துடிப்பும் ஏறும் என்றார்கள். டிரிப்ஸ் ஏற்றி, நான்கு மணி நேரம் கழித்துத்தான் துடிப்பு 150க்கு இறங்கியது. அத்தனை வலிக்கும் பிறகு வாய் ஒரு சென்டிமீட்டர், ஸ்கோர் மூன்று. இரண்டு நாள் படுக்கை, 9,300 ரூபாய்.

இது எப்படி வேலை செய்கிறது என்பது இப்போது தெரிந்த விஷயம்தான். விளக்கெண்ணெய் குடலில் உடையும்போது ரிசினோலிக் அமிலம் வெளிவருகிறது. குடல் தசையிலும் கர்ப்பப்பைத் தசையிலும் புரோஸ்டாகிளாண்டின் என்ற, தசையைச் சுருங்க வைக்கும் உடம்பின் வேதிப்பொருளுக்கான ஒரே வகை ஏற்பிகள் இருக்கின்றன, அமிலம் இரண்டையும் தூண்டுகிறது என்று 2012இல் ஜெர்மனியில் கண்டறிந்தார்கள். அதனால் கர்ப்பப்பை சுருங்குவது உண்மை. அளவைக் கட்டுப்படுத்த முடியாது என்பதும் உண்மை. ஆஸ்பத்திரியில் வலி ஊசி (வலியை வரவழைக்கும் மருந்து) ஏற்றும்போது சுருக்கம் மிகுந்தால் டிரிப்ஸை நிறுத்திவிடலாம், குடித்த எண்ணெயை எப்படி நிறுத்துவது? ஆய்வுகளில் குடித்த பெண்கள் எல்லோருக்கும் குமட்டல் இருந்தது. குழந்தை வயிற்றுக்குள்ளேயே மலம் கழிப்பதற்கு இது காரணமாகுமா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. முன்பு சிசேரியன் ஆனவர்களுக்குத் தையல் தழும்பு விட்டுப்போகும் அபாயம் இருக்கிறது, அவர்கள் இதைத் தொடவே கூடாது. நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பவர்கள், இரட்டைக் குழந்தை, தலை திரும்பாத குழந்தை, பிரஷர் உள்ளவர்கள், குழந்தை வளர்ச்சி குறைவு என்று சொல்லப்பட்டவர்கள், யாருமே கூடாது. ஏற்கெனவே குடித்துவிட்டீர்கள் என்றால் வெட்கப்படாமல், திட்டுவார்களோ என்று பயப்படாமல், எத்தனை மணிக்கு எவ்வளவு குடித்தோம் என்று சொல்லிவிடுங்கள். நான் முதல் ஒரு மணி நேரம் மறைத்தேன். வயிற்றுக் கடுப்பு என்று நினைத்து வேறு மருந்து கொடுக்க இருந்தார்கள்.

வெளிப்படையாகப் பேசக் கூச்சப்படும் இரண்டு வழிகளையும் சொல்லிவிடுகிறேன். மார்புக் காம்பைத் தூண்டினால் உடம்பு தானே ஆக்சிடோசின் சுரக்கும். வலி ஊசியில் இருக்கும் அதே ஹார்மோன். ஆறு ஆய்வுகளில் 719 பெண்களைச் சேர்த்துப் பார்த்தபோது, இதைச் செய்தவர்களில் 37 சதவீதம் பேருக்கு மூன்று நாளுக்குள் வலி வந்தது, செய்யாதவர்களில் 6 சதவீதம் பேருக்குத்தான். ஆனால் வாய் பக்குவமாகியிருந்தவர்களுக்கு மட்டுமே பலன். ஆபத்து அதிகமுள்ள கர்ப்பங்களில் நடந்த ஓர் ஆய்வைக் குழந்தை இறப்புகளால் பாதியில் நிறுத்தினார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சிக்கல் எதுவும் இல்லாத கர்ப்பம், ஸ்கோர் நல்ல நிலை, டாக்டரின் ஒப்புதல் மூன்றும் இருந்தால் மட்டும் செய்யலாம். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும், பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றி, வயிறு இறுகும்போது கையை எடுத்துவிட வேண்டும். மூன்று நிமிடத்துக்கு ஒன்று என்ற அளவுக்கு வலி நெருங்கினாலோ, ஒரு வலி ஒரு நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ முழுதாக நிறுத்த வேண்டும். தாம்பத்திய உறவைப் பொறுத்தவரை மலேசியாவில் பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்துப் பார்த்தார்கள், வலி சீக்கிரம் வரவில்லை. விருப்பம் இருந்தால் தவறில்லை, பனிக்குடம் உடைந்திருந்தாலோ, இரத்தம் பட்டாலோ, நஞ்சுக்கொடி கீழே இருந்தாலோ கூடாது.

மே 15, சரியான தேதிப்படி நாற்பது வாரம். அன்றைக்கு டாக்டர் ஸ்வீப்பிங் செய்தார். வாய்க்குள் ஒரு விரல் நுழையும் அளவு திறந்திருந்தால், விரலைச் சுழற்றிப் பனிக்குடச் சவ்வைக் கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியிலிருந்து மெல்லப் பிரித்துவிடுவார்கள். அதனால் அந்த இடத்திலேயே புரோஸ்டாகிளாண்டின் சுரக்கும். அரை நிமிட வேலை, ஆனால் கடுமையாக வலிக்கும். மூச்சை வாயால் மெதுவாக விட்டு, முஷ்டிகளை இடுப்புக்கடியில் வைத்துப் படுத்தால் கொஞ்சம் தாங்கலாம். மருந்தால் வலியைத் தொடங்க வைக்கும் தேவையைக் குறைப்பதாக ஆய்வுகள் ஏற்றுக்கொண்ட வழி இதுதான், உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைக்கிறது. வீட்டில் செய்த எல்லாவற்றையும்விட இந்த அரை நிமிடம் எனக்கு உபயோகமாக இருந்தது. ஒரு வாரத்தில் ஸ்கோர் ஆறுக்கு வந்தது. அன்றிரவு விட்டுவிட்டு வலியும் இரண்டு நாள் பழுப்புக் கசிவும் இருந்தன, அவை இயல்பு. பேட் நனையும் அளவு சிவப்பு இரத்தம் இயல்பல்ல. சில இடங்களில் சொல்லாமலே உள் பரிசோதனையோடு சேர்த்துச் செய்துவிடுகிறார்கள். "ஸ்வீப்பிங் செய்வதானால் முதலில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்" என்று கேட்பது உங்கள் உரிமை.

இந்த நாட்களில் நீங்கள் வலியைவிடக் கவனமாக எண்ண வேண்டியது குழந்தையின் அசைவை. "கடைசி நாள்ல இடம் இல்லாம அசைவு கொறஞ்சிரும்" என்று சொல்வது தவறு, ஆபத்தான தவறு. உதை, உருளல் மாதிரி மாறலாம், எண்ணிக்கை குறையக் கூடாது. தினமும் ஒரே நேரத்தில், சாப்பிட்ட பிறகு, இடதுபக்கம் படுத்து எண்ணுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் பத்து அசைவு வர வேண்டும். பெரும்பாலும் அரை மணி நேரத்திலேயே வந்துவிடும். வராவிட்டால், அல்லது வழக்கத்தைவிடக் குறைவாகத் தோன்றினால், ஜூஸ் குடித்து விடியும்வரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், அந்த நேரத்திலேயே கிளம்புங்கள். இந்த அலைச்சலுக்கு ஆகும் செலவு மட்டும் ஒருநாளும் வீண் செலவு ஆகாது. ஸ்கேனில் "தண்ணி கொறஞ்சிருக்கு" என்றால் எண்ணைக் கேளுங்கள். வயிற்றின் நான்கு பக்கமும் பனிக்குட நீரின் ஆழத்தை அளந்து கூட்டியது ஐந்து சென்டிமீட்டர் அல்லது அதற்குக் கீழ், அல்லது நீர் அதிகம் தேங்கிய ஒற்றை இடத்தின் ஆழம் இரண்டு சென்டிமீட்டருக்குக் கீழ் என்றால்தான் உண்மையான குறைவு. ஏழு, எட்டு என்றால் நாற்பதாவது வாரத்துக்கு அது சாதாரணம்.

நாற்பத்தொரு வாரம் முடிந்தும் வலி வராவிட்டால் காத்திருக்கக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. ஸ்வீடனில் 41 வாரத்தில் வலி வரவழைத்தவர்களையும் 42 வாரம் வரை காத்திருந்தவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2019இல் வெளியானது. 2,760 பெண்கள். காத்திருந்த பக்கத்தில் ஆறு குழந்தைகள் இறந்தன, மறுபக்கத்தில் ஒன்றுகூட இல்லை. ஆய்வையே பாதியில் நிறுத்திவிட்டார்கள். வலியை வரவழைக்க வாய்க்குள் வைக்கும் மருந்துதான் ஜெல். "ஜெல் வச்சா சிசேரியன்தான்" என்ற பயமும் எனக்கு இருந்தது. 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வில், தலைப்பிரசவத்துக்கு 39 வாரத்தில் வலி வரவழைத்தவர்களில் 18.6 சதவீதம் பேருக்குத்தான் சிசேரியன், காத்திருந்தவர்களில் 22.2 சதவீதம். நம் ஊரில் சிசேரியன் அதிகம் என்பது மறுக்க முடியாதது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு நாற்பத்தைந்து. ஆனால் ஜெல்லை மட்டும் அதற்குக் காரணம் சொல்ல முடியாது. பொறுமையாகக் காத்திருக்க நேரம் கொடுக்கப்படுகிறதா என்பதும் பெரிய காரணம், அதனால் அதை முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும்.

பேச வேண்டியவை இவை. என்ன வழியில் வலி வரவழைப்பீர்கள்? ஜெல் என்றால் டைனோபுரோஸ்டோன், 0.5 மில்லிகிராம், வாய்க்குள் வைத்து அரை மணி நேரம் படுக்க வேண்டும், ஆறு மணி நேரம் கழித்துத்தான் அடுத்தது, ஒரு நாளில் மூன்று முறைக்கு மேல் கூடாது. கடைசி ஜெல்லுக்கும் வலி ஊசிக்கும் இடையில் ஆறு மணி நேரமாவது வேண்டும். பலூன் என்றால் சிறுநீருக்குப் போடும் அதே ஃபோலி குழாய், வாயைத் தாண்டி உள்ளே விட்டு 30 முதல் 60 மில்லி தண்ணீர் நிரப்பி விடுவார்கள். எத்தனை மணி நேரத்துக்குப் பிறகு "பலிக்கவில்லை" என்று முடிவு செய்வீர்கள்? தாயும் குழந்தையும் நலமாக இருக்கும்வரை, பனிக்குடம் உடைத்து வலி ஊசி ஏற்றி 12 முதல் 18 மணி நேரம் பார்த்த பிறகுதான் அப்படிச் சொல்லலாம். வாய் ஐந்து சென்டிமீட்டர் ஆகும்வரை மெதுவாகத்தான் போகும், அதுவரை "முன்னேற்றமே இல்லை" என்று பயப்பட வேண்டியதில்லை. நடக்கலாமா, தண்ணீரும் கஞ்சியும் குடிக்கலாமா, யார் கூட இருக்கலாம்? அரசு மருத்துவமனையில் பெண் துணை ஒருவரைப் பிரசவ அறைக்குள் அனுமதிக்கும் ஏற்பாடு உண்டு, சேரும்போதே பெயரைக் கொடுத்துவிடுங்கள். இதையெல்லாம் உங்களைவிட முக்கியமாக வெளியே நிற்கும் வீட்டாருக்குச் சொல்லிவையுங்கள். எட்டு மணி நேரம் ஆனதும் "பாப்பா கஷ்டப்படுது, ஆபரேஷனே பண்ணிருங்க" என்று அவர்கள்தான் முதலில் தளர்வார்கள்.

எனக்கு மே 22 காலை ஒன்பது மணிக்குப் பலூன் வைத்தார்கள். சாயங்காலம் ஏழு மணிக்குத் தானாக வெளியே வந்தபோது நான்கு சென்டிமீட்டர். இரவு நன்றாகத் தூங்கச் சொன்னார்கள், தூங்கினேன். மறுநாள் காலை ஆறு மணிக்குப் பனிக்குடத்தை உடைத்து வலி ஊசி ஏற்றினார்கள், மாலை 4.40க்குச் சுகப்பிரசவம். மகள், 3.1 கிலோ.

பனிக்குடம் வீட்டிலேயே உடைந்தால் மட்டும், வலி இருக்கிறதோ இல்லையோ, காத்திருக்கக் கூடாது. உடைந்த மணியைக் குறித்துவையுங்கள். பேட் வைத்துக்கொள்ளுங்கள், குளியல் தொட்டியிலோ தண்ணீர்த் தொட்டியிலோ உட்காராதீர்கள், உறவு கூடாது. தண்ணீர் தெளிவாகவோ இளஞ்சிவப்பாகவோ இருந்தால் பதறாமல் கிளம்பலாம். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் குழந்தை மலம் கழித்திருக்கிறது என்று அர்த்தம், உடனே 108. தொப்புள்கொடி வெளியே தெரிந்தாலோ கையில் தட்டுப்பட்டாலோ அதை உள்ளே தள்ளாமல், முழங்காலும் முழங்கையும் ஊன்றி, இடுப்பைத் தூக்கித் தலையைத் தாழ்த்தி, ஆம்புலன்ஸ் வரும்வரை அப்படியே இருங்கள். நனைந்த பேடைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதன் நிறத்தைத்தான்.